கடைசி ஓட்டமும் ராகு காலமும்

சைகோன் குதிரைப் பந்தயத் திடலில் எழுத்தராக இருந்தேன் என்று யாரிடமாவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், அடுத்த கேள்வி தயாராக இருக்கும். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று முன்கூட்டியே தெரியுமா? தெரியாது என்றால் நம்பமாட்டார்கள். மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதிரி சிரிப்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் திடல்தான். எந்த வளைவில் மண் இளகும், எந்த மாதத்தில் எங்கே தண்ணீர் தேங்கும், எந்த வேலிக்கம்பு ஆடும் என்று கேட்டால் சொல்வேன். அதை யாரும் கேட்டதில்லை. குதிரைகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் எங்கள் வீட்டிலேயே வேறொருவர் இருந்தார். அவர் என் அக்காவின் கணவர், என் அத்தான். தெரிந்தவர் என்று அவரே சொல்லிக்கொண்டார், வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

திடல் சீனர்கள் குடியிருந்த சோலோனை ஒட்டி, பூ தோ என்ற பகுதியில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அமைத்தது. அதற்கும் முன்னால் ஊருக்குள்ளேயே பட்டாளத்து மைதானத்தில் பிரெஞ்சு அதிகாரிகள் தங்கள் குதிரைகளை ஓடவிட்டுப் பொழுதைப் போக்கினார்களாம். ஊர் பெருத்ததும் இங்கே கொண்டுவந்தார்கள் என்பார்கள். "என்பார்கள்" என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. திடலின் சரித்திரம் கேட்டு வெளிநாடுகளிலிருந்து கடிதம் வந்தால் பதில் எழுதுவது என் தலையில்தான் விழும். அங்கே மூன்று பழைய ஆட்கள் இருந்தார்கள். மூன்று பேரிடமும் கேட்டேன். மூன்று சரித்திரம் கிடைத்தது. ஒருவர் இது வயலாக இருந்தது என்றார், ஒருவர் ரப்பர் தோட்டம் என்றார், மூன்றாமவர் சுடுகாடு என்றார். சுடுகாடு என்று எழுதினால் யார் வருவார்கள்? வயல் என்றே எழுதினேன்.

நான் சேர்ந்தபோது வெள்ளைக்காரர்கள் அநேகமாகப் போய்விட்டிருந்தார்கள். குடியரசு வந்துவிட்டது, கொடி மாறிவிட்டது, ஆனால் பூரோவில், அதாவது திடல் அலுவலகத்தில், காகிதமெல்லாம் இன்னும் பிரெஞ்சுதான். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்த வேலை கிடைத்ததே அதனால்தான். வாராவாரம் பந்தயத் தாளைப் பிரெஞ்சில் தட்டச்சு செய்வேன். வியட்நாமியத்துக்கு ஒருவர், சீனத்துக்கு ஒருவர். மூன்று தாளிலும் ஓட்டம் தொடங்கும் நேரம் ஒன்றாக அச்சாகி வந்த வாரத்தை என் கை விரல்களில் எண்ணிவிடலாம்.

திடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பாதை முட்டை வடிவம். செம்மண்ணும் மணலும் கலந்த தரை. மேற்கே பார்வையாளர் மண்டபம், சிமெண்டுப் படிகள், மேலே கூரை. மண்டபத்துக்கு நேர் எதிரே முடிவுக் கம்பம். இந்தப் பக்கத்து நேர்பாதை பலகை மாதிரி சமமாக இருக்கும். ஆனால் தூரத்து வளைவில் தரை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். மழை பெய்தால் அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். எத்தனை வண்டி மண் கொட்டினாலும் அடுத்த மழைக்குக் குழி விழுந்துவிடும். வயல் என்று சொன்னவர்தான் சரியாகச் சொன்னார் என்பது என் கட்சி. குட்டை ஓட்டங்கள் அந்த வளைவைத் தாண்டித் தொடங்கும், அதனால் பள்ளம் அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை. நீள ஓட்டம் ஒரு முழுச் சுற்றுக்கும் மேலே. பள்ளத்தை இரண்டு தடவை கடக்கவேண்டும்.

குதிரைகள் சின்னவை. கிண்டியில் பந்தயம் பார்த்தவர்கள் வந்தால் இதுவா குதிரை என்று சிரிப்பார்கள். பாதிக் குதிரைகள் ஊருக்கு வெளியே ஹோக் மோன் பக்கத்திலிருந்து வந்தவை, வண்டி இழுத்துக்கொண்டிருந்தவை. அத்தானின் குதிரையும் அப்படித்தான். ஒரு செவலை. அதில் பாதி அத்தானுக்கு, பாதி ஹோக் மோன் குதிரைக்காரருக்கு. காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் போய்வந்த குதிரையை அவர்தான் பழக்கினார். அத்தானுக்கு பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் சின்னத் துணிக்கடை. துணியை விட்டுவிட்டு இந்த மனுஷருக்குக் குதிரை எதற்கு என்று நான் கேட்காத நாளில்லை. அவரிடம் கேட்கவில்லை, எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன்.

இதில் அகப்பட்டுக்கொண்டவள் என் அக்கா. அவளுக்கு ஒரே மகள். ஊரில் அடிக்கடி ஆட்சி கவிழ்ந்து, தெருவில் சுட ஆரம்பித்த காலத்தில், ஒன்பது வயதுப் பெண்ணைக் காரைக்காலுக்கு அனுப்பிவிட்டார்கள். தெரிந்த குடும்பம் ஒன்று சிங்கப்பூர் போய் அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறியது. அவர்களோடு போய், அத்தானின் அண்ணன் வீட்டில் தங்கிப் படித்தாள். வருகிற தைக்கு அப்பாவும் அம்மாவும் வந்துவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தை போயிற்று, அடுத்த தையும் போயிற்று. காரணம் செவலை. அத்தான் மாரியம்மன் கோயிலில் நின்று சத்தியம் பண்ணியிருந்தார். குதிரை ஒரே ஒரு தடவை ஜெயிக்கவேண்டும், ஜெயித்த மறுமாதம் கப்பல். இத்தனை வருஷம் சைகோனில் இருந்து என்ன சாதித்தாய் என்று அண்ணன் கேட்டால் கூடத்தில் மாட்ட ஒரு போட்டோ வேண்டுமாம். குதிரை, கோப்பை, நடுவில் அவர்.

அக்கா மகளுக்கு எழுதும் கடிதம் ஒவ்வொன்றிலும் ஒரு மாதம் இருக்கும். சித்திரையில் வருகிறோம், ஆவணியில் வருகிறோம். நான்தான் தபாலில் சேர்ப்பேன்.

செவலை ஜெயிக்கமுடியாத குதிரை இல்லை. அதுதான் என்னை அதிகம் வாட்டியது. தொடக்கத்தில் சோம்பேறி, எல்லாரும் போன பிறகுதான் கிளம்பும். ஆனால் மூச்சு அதிகம். சேற்றைப் பற்றிப் பயமே கிடையாது. மற்ற குதிரைகள் பள்ளத்துத் தண்ணீரைக் கண்டு தயங்கி வெளிப்பக்கம் ஒதுங்கும். இது ஹோக் மோன் சாலையில் வண்டியோடு சேற்றில் நடந்து பழகியது, நேராகப் போய்விடும். அதற்கென்றே செய்துவைத்தது நீள ஓட்டம். அத்தானோ அதைக் குட்டை ஓட்டத்திலேயே விட்டுக்கொண்டிருந்தார். ஓடும், ஆறாவதாக வரும், ஏழாவதாக வரும்.

காரணம் கேட்டால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். நீள ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓட்டம், நாலே முக்காலுக்கு. ஞாயிறு ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. அவ்வளவுதான். அத்தான் ராகு காலத்தில் வாசற்படி தாண்டமாட்டார், கடையில் முழத்துணி கிழிக்கமாட்டார். குதிரையை ஓடவிடுவாரா? போதாததற்கு, முதல்முதலாகச் செவலை ஓடியது ஒரு ஞாயிறு மூன்றரை மணிக்கு, குளிகையில். குளிகையில் நடந்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது அவர் கணக்கு. அன்றைக்குத் தோற்றதால்தான் இன்றுவரை தோற்கிறது என்று வருத்தப்பட்டுக்கொள்வார். சனிக்கிழமைகளில் நீள ஓட்டம் கிடையாது. இது இப்படி என்றால், பாதிப் பங்குக்காரர் இவருக்குச் சளைத்தவர் இல்லை. சந்திர மாதத்தின் ஐந்தாம் நாள், பதினாலாம் நாள், இருபத்து மூன்றாம் நாள் எல்லாம் வியட்நாமியருக்கு ஆகாத நாள், அன்றைக்குக் குதிரையை லாயத்திலிருந்தே வெளியே எடுக்கமாட்டார். இரண்டு பேருக்கும் ஒத்துவரும் ஞாயிற்றுக்கிழமையை நான் காலண்டரில் தேடினேன் என்றால், அது எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். அதிகம் பேசுகிறவள் இல்லை அவள்.

"தம்பி, நீ அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. குதிரையும் வேணாம், போட்டோவும் வேணாம், கெளம்புவோம்னு. நீ சொன்னா கேப்பாரு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அத்தானோடு வாக்குவாதம் செய்து அவர் முகம் தொங்குவதைப் பார்ப்பதைவிட, குதிரையை ஜெயிக்கவைத்துவிடுவது சுலபம் என்று பட்டது. திடல் எனக்குத் தெரியும் அல்லவா. அந்தக் கர்வம்.

யோசனை வந்தது மண்டபத்து நிழலைப் பார்த்து. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடைசி ஓட்டம் முடியும்போது மண்டபத்தின் நிழல் பாதையைத் தாண்டி முடிவுக் கம்பத்தையும் மூடியிருக்கும். குதிரைகள் வெயிலிலிருந்து நிழலுக்குள் வந்து முடிப்பது நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது அதே நாலே முக்காலுக்கு நிழல் வேலியைக்கூடத் தொடுவதில்லை. மண்டபம் நகரவில்லை, கம்பமும் நகரவில்லை. நகர்ந்தது கடிகாரம். இடையில் சர்க்கார் ஊர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டது. எல்லாரும் மறுநாளே பழகிவிட்டோம். ஆனால் ராகு காலத்தை மட்டும் மெட்ராசிலிருந்து வந்த காலண்டரில் போட்டிருந்தபடி, கடிகார முள்ளைப் பார்த்தே கழித்துக்கொண்டிருந்தோம். சூரியனைப் பார்த்தால் ஞாயிறு ராகு காலம் ஐந்து மணிக்கு மேல்தான் தொடங்கும். இத்தனை வருஷமாக நல்ல நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சரியாக ராகு காலத்தில் எல்லாக் காரியத்தையும் தொடங்கியிருக்கிறோம். எத்தனை கடை திறப்பு, எத்தனை நிச்சயதார்த்தம். நினைத்தால் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

இரண்டு ஞாயிறு நிழலை அளந்தேன். கடைசி ஓட்டத்தின்போது நிழலின் விளிம்பில் ஒரு குச்சி நட்டு, அதிலிருந்து கம்பத்துக்கு அடி வைத்து எண்ணி, காகிதத்தில் படம் போட்டு, அத்தானிடம் கொண்டுபோனேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதெல்லாம் வெள்ளக்காரன் கட்டுன மண்டபம், இத வெச்சு ராகு காலம் பாக்க முடியுமா மாப்ளே" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன். கோயில் குருக்களிடம் அழைத்துப் போனேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, உதயத்திலிருந்துதான் கணக்கு, இதில் என்ன சந்தேகம் என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். யாரும் கேட்கவில்லை என்றார்.

அத்தான் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. உதயத்தைக் கண்ணால் பார்க்கவேண்டுமாம். மொட்டைமாடியில் கைக்கடிகாரத்தோடு நின்றார், நானும் கூட நின்றேன். ஐப்பசி மாதம். முதல் நாள் மேகம். இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் ஒரு தகரக் கூரைக்கு மேலே சூரியன் எட்டிப் பார்த்தது. மணி ஆறே முக்கால். நம்பமுடியாமல் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகுதான் தலையாட்டினார்.

அந்த ஞாயிறுக்கே பெயர் கொடுத்துவிடலாம் என்று ஓடினால், அது சந்திர மாதத்தின் பதினாலாம் நாள். குதிரைக்காரர் முடியாது என்றுவிட்டார். அவரிடம் நிழல் படமெல்லாம் செல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறுக்குத்தான் பெயர் கொடுத்தோம். பந்தயத் தாளில் செவலையின் பெயரை நானே தட்டச்சு செய்தேன், மூன்று தாளிலும் நேரம் சரியாக இருக்கிறதா என்று நானே போய்ப் பார்த்தேன்.

சனிக்கிழமை முழுக்க மழை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஞாயிறு மதியம் வெறித்தது. தூரத்து வளைவில் பள்ளம் குளம் மாதிரி நிறைந்திருந்தது. அக்காவும் வந்திருந்தாள். அதற்கு முன் அவள் திடலுக்கு வந்ததே இல்லை. மண்டபத்தில் ஓரமாக, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வழக்கம்போலச் செவலை கடைசியாகக் கிளம்பியது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். முதல் தடவை பள்ளத்தில் மூன்று குதிரைகளைத் தாண்டியது. இந்தப் பக்கத்து நேர்பாதையில் பின்தங்கவில்லை. இரண்டாம் தடவை வளைவுக்குப் போனபோது முன்னால் இருந்தவை எல்லாம் தண்ணீருக்குப் பயந்து வெளியே ஒதுங்கின. செவலை உள்வேலியை ஒட்டித் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு நேராகப் புகுந்து வந்தது. அதன் பிறகு அதைப் பிடிக்க ஆளில்லை. கம்பத்தைத் தாண்டியபோது சேற்றில் அதன் நிறமே தெரியவில்லை. நான் கத்தினேன். பூரோ ஆள் கத்தக்கூடாது என்ற விதியெல்லாம் மறந்துவிட்டது. அத்தான் அழுதார். குதிரைக்காரர் அவரைக் கட்டிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள், கோப்பையும் வைத்து, அத்தானை நடுவில் நிறுத்தி. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேசரி கிளறினாள். அத்தான் சாப்பிடாமல் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கப்பல் தேதி பார்க்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது அவர் முகம் பிரகாசமாக இருந்தது.

"மாப்ளே, உன் கணக்குப்படி ஒதயம் ஆறே முக்கா. அப்ப குளிகை மூணே முக்காலேருந்து அஞ்சே கால். நம்ம குதிர ஓடுனது நாலே முக்கா. குளிகையில ஜெயிச்சிருக்கு மாப்ளே. இனிமே திரும்பத் திரும்ப ஜெயிக்கும்."

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். ஜெயித்த மறுமாதம் கப்பல் என்று சாமி முன்னால் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டேன். போகத்தான் போகிறோம், யார் இல்லை என்றது, ஆனால் இந்த நேரத்தில் ஜெயிக்கிற குதிரையை விட்டுவிட்டு எவனாவது கிளம்புவானா, தை வரைக்கும் பார்ப்போம் என்றார். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். நீங்கள் மனுஷரா என்று கேட்டேன், பெற்ற பெண்ணை நினைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இரண்டு வருஷமாகச் சொல்லவேண்டியதையெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் தோளைத் தட்டி, எல்லாம் உன்னால்தான் மாப்ளே என்று சொல்லிவிட்டுக் குதிரைக்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

அக்கா அடுப்படியில் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். சமாதானம் சொல்லப் போனேன். இவரைத் திருத்தவே முடியாது, இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை என்று அங்கேயும் ஆரம்பித்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "பரண்மேல பெரிய பொட்டி இருக்கு, எறக்கிக் குடு தம்பி" என்றாள்.

அத்தான்தான் வரவில்லையே என்றேன்.

"தெரியும். எனக்கு மட்டுந்தான் சீட்டு எடுத்திருக்கேன்."

கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். சிங்கப்பூருக்கு ஒரு சீட்டு, ஒரு ஆளுக்கு, அடுத்த வாரம். திடலில் மடியில் வைத்துக்கொண்டிருந்த அதே பைதான். குதிரை ஜெயித்தாலும் தோற்றாலும் அவர் கிளம்பமாட்டார் என்பது அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. எனக்குத் திடீரென்று அவள்மேலும் எரிச்சல் வந்தது. பிறகு என்னை ஏன் இப்படி அலையவிட்டாய், கோயிலுக்கும் மொட்டைமாடிக்கும், என்று கேட்டேன்.

அவள் சீட்டோடு மடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தை நீட்டினாள். மகள் எழுதியது. பன்னிரண்டு வயதுக் கையெழுத்து, ஒரு பக்கம்கூட இல்லை. பள்ளிக்கூடம், மழை, பெரியம்மாவின் இருமல். கடைசியில், "அம்மா, இனிமேல் எந்த மாதம் வருவீர்கள் என்று எழுத வேண்டாம். வரும்போது வாருங்கள்" என்று இருந்தது.

இரண்டு தடவை படித்தேன். இது எப்போது வந்தது என்று கேட்டேன்.

"நீ திடல்ல நெழல் அளந்துகிட்டு இருந்தப்ப வந்துச்சு" என்றாள் அக்கா. "ஒங்கிட்டதான் மொதல்ல காட்டணும்னு எடுத்தாந்தேன். நீ அந்தப் படத்தக் காட்டுன. அவ்வளவு சந்தோஷமா இருந்த. மறுநாளு நானே போயி சீட்டு எடுத்துட்டு வந்துட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். முக்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன்.